டர்பன் கனமழை மாறியிருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையோரத்தைப் புரட்டிப்போட்ட மழையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பின் கோயில் கூடங்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. டர்பனிலும் சுற்றிலும் உள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிபிங்கோ மக்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

டர்பன்ல மழை புதுசா என்ன? எவ்வளவு பெய்ஞ்சா அதைத் தீவிர மழைன்னு சொல்வீங்க?

டர்பனுக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது சராசரியாக 1000 மி.மீ. அளவிலான மழை. 2022 ஏப்ரலில் மவுண்ட் எட்ஜ்கோம்பில் 24 மணி நேரத்தில் 307 மி.மீ., விர்ஜினியா விமானத்தளத்தில் 304 மி.மீ. பதிவாயின. ஏறத்தாழ நான்கு மாத மழை ஒரே நாளில் இறங்கியது. பெரிய வெள்ளி திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும் அதே மவுண்ட் எட்ஜ்கோம்ப்தான், திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு.

ஆனால் இத்தனை மி.மீ. தாண்டினால் தீவிரம் என்று எல்லா ஊருக்கும் ஒரே கோடு போட முடியாது. வறண்ட உள்நாட்டு ஊரான கிம்பர்லியில் பேரழிவாகும் மழையை டர்பன் சாதாரணமாகக் கடந்துவிடும். அந்த ஊரில் அந்த அளவு எத்தனை அபூர்வம், எவ்வளவு நேரத்தில் பெய்தது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 15 நிமிடம் கொட்டுவது சாலையையும் வடிகாலையும் திணறடிக்கும். இரண்டு நாள் விடாமல் பெய்வது ஆற்றைப் பெருக்கும், மலைச்சரிவைக் கரைக்கும். இரண்டும் வேறு வேறு ஆபத்துகள், காலப்போக்கில் மாறும் விதமும் வேறு.

மில்லிமீட்டர்னா மனசுல பதியல. வீட்டுக் கணக்குல சொல்லுங்க.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரை 100 சதுர மீட்டர் என்றால் 300 மி.மீ. மழையில் அதிலிருந்து மட்டும் 30,000 லிட்டர் இறங்கும். எடையில் முப்பது டன். 5000 லிட்டர் ஜோஜோ டேங்க் ஆறு நிரம்பும்.

உங்களிடம் இருப்பது ஒரு டேங்க் என்றால் முதல் 50 மி.மீட்டரிலேயே அது நிறைந்துவிடும். மிச்சம் 25,000 லிட்டர் எங்கே போய் விழுகிறது என்பதை இப்போதே ஒரு முறை பார்த்து வையுங்கள். கடைசிக் கேள்வியில் இது மறுபடி வரும்.

எச்சரிக்கைல ‘ஆரஞ்சு லெவல் 6’ங்குறாங்க. அது 60 மி.மீ. மழையா?

இல்லை. தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எண்கள் மழையின் அளவல்ல. வரக்கூடிய பாதிப்பின் கடுமையையும் அது நடக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண் அது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று 10 வரை போகும். அதனால் ஒரே அளவு மழைக்கு வறண்ட வாரத்தில் ஓர் எண்ணும், மண் ஊறிக் கிடக்கும் வாரத்தில் வேறு எண்ணும் வரலாம். எண்ணோடு நின்றுவிடாமல், அதன் கீழே என்ன பாதிப்பு எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். தாழ்பாலம் மூழ்கும் என்பதற்கும் வீடுகள் இடியும் என்பதற்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றல்ல.

எங்க ஆயா 1917 வெள்ளத்தைப் பத்திச் சொல்லுவாங்க. அப்பவே வந்ததுதானே? இப்ப மட்டும் என்ன மாற்றம்?

ஆயா சொன்னது உண்மை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, கரையோரத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம் குடும்பங்களை அடித்துச் சென்றது. படவட்டன் அறுவர் என்று இன்றும் பேசப்படும் மீனவர்கள் படகில் போய் 170 பேருக்கு மேல் கரைசேர்த்தார்கள். 1976 மார்ச்சில் அதே ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் குடியிருப்பு மூழ்கியது, அங்கிருந்தவர்கள் ஃபீனிக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1987 செப்டம்பர் வெள்ளம் மாகாணத்தையே உலுக்கியது. நம் முன்னோரை முதலில் ஏற்றிவந்த ‘ட்ரூரோ’ கப்பல் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1856 ஏப்ரலில், டர்பனில் பெருவெள்ளம் வந்திருக்கிறது.

ஆகவே பெருமழை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மாறியிருப்பது அது திரும்பி வரும் இடைவெளி. இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மழையை அளக்கவும் கூடாது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்பது ஆறு தானே பரப்பிய வெள்ளச் சமவெளி, நம்மவர்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்த நிலமும் அதுதான். அங்கே நடுத்தர வெள்ளம்கூட உயிர் குடிக்கும். மழை கூடியிருக்கிறதா என்பதை மழைமானிகள்தான் சொல்ல முடியும்.

பூமி சூடாகுதுன்னா வறட்சிதானே வரணும்? மழை எப்படிக் கூடும்?

இரண்டும் ஒரே காரணத்தால் வரும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை பெய்யாத நாட்களில் அந்தச் சூடான காற்று மண்ணின் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். பெய்வதற்கான சூழல் அமைந்த நாளில், தாங்கி வந்த அத்தனையையும் இறக்கும். ஓர் ஆண்டின் மொத்த மழை உலகச் சராசரியில் டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. தனித்தனிப் பெருமழைகள் 7 சதவீதம் கூடும்போது, மிச்ச நாட்களின் பங்கு குறைந்தாக வேண்டும். கேப் டவுன் 2015 முதல் 2018 வரை தண்ணீருக்குத் தவித்ததும் டர்பன் 2022இல் மூழ்கியதும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை உலக நிலப்பரப்புக்குச் சொல்லும் கணக்கு இது: முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை வந்த ஒருநாள் பெருமழை, ஒரு டிகிரி வெப்பம் கூடிய உலகில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது, ஒவ்வொன்றும் 6.7 சதவீதம் கனமாக. இரண்டு டிகிரி கூடினால் 1.7 மடங்கும் 14 சதவீதமும். இது பத்தாண்டு மழைக்கு. அதைவிட அரிய மழைகளில் அடிக்கடி வரும் மடங்கு இன்னும் கூடும்.

2022 ஏப்ரல் மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

மழையை உண்டாக்கியது ‘கட்-ஆஃப் லோ’ எனப்படும் அமைப்பு. மேல் வளிமண்டலத்தின் மேற்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியே சுழலும் குளிர்ந்த தாழ்வழுத்தம் அது. காற்றோட்டம் இழுத்துச் செல்லாததால் ஒரே இடத்தில் தங்கிவிடும். அது தங்கும் நேரத்தில் சூடான அகுல்யாஸ் நீரோட்டத்தின் மேலிருந்து ஈரக்காற்று கரையேறி, நம் மேட்டுநிலத்தில் மோதி மேலெழுந்து கொட்டும். 1987 வெள்ளமும் இதே வகை அமைப்பால் வந்ததுதான். கட்-ஆஃப் லோ காலநிலை மாற்றம் இல்லாவிட்டாலும் வரும்.

அதிலிருந்து இறங்கிய தண்ணீரின் அளவு மாறியிருக்கிறது. வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு 2022 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பரப்பில் அப்படியொரு இரண்டுநாள் மழை இப்போது சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது. உலகம் 1.2 டிகிரி குளிர்ந்திருந்த காலத்தில் அது 40 ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும். மழையின் கனம் கூடியது 4 முதல் 8 சதவீதம். இது பரந்த பகுதியின் சராசரி மழைக்கான கணக்கு. மவுண்ட் எட்ஜ்கோம்ப் போன்ற ஒரு புள்ளியின் 307 மி.மீ. இதைவிட அபூர்வமானது.

வெறும் 4-8 சதவீதம் கூடினா எப்படி இரண்டு மடங்கு ஆகும்? கணக்கு இடிக்குதே.

இடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பதிலை வையுங்கள். அரிய மழைகளின் வரிசையில் அளவை ஒரு சிறு படி உயர்த்தினாலே அதை எட்டும் மழைகளின் எண்ணிக்கை வேகமாகச் சரியும். உயரம் தாண்டும் போட்டியில் கம்பியை நாலு விரற்கடை தூக்கினால் பாதிப்பேர் விழுந்துவிடுவது மாதிரி. எல்லாப் போட்டியாளர்களும் நாலு விரற்கடை கூடுதலாகத் தாண்டக் கற்றுக்கொண்டால், பழைய உயரத்தைத் தாண்டுபவர்கள் இரண்டு மடங்காவார்கள்.

நம் பாலங்களும் வடிகால்களும் சுவர்களும் பழைய கம்பி உயரத்துக்குக் கட்டப்பட்டவை. மழை 6 சதவீதம் கூடியதாகக் கேட்டால் சிறிதாகத் தெரியும். கட்டுமானம் தோற்கும் தடவைகள் இரட்டிப்பானதாகக் கேட்டால்தான் அதன் பொருள் விளங்கும்.

நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம் வந்து போயிடுச்சு. இனி என் ஆயுசுல வராதுதானே?

வரலாம், அடுத்த ஆண்டேகூட. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் நூறாண்டு வெள்ளத்தின் பொருள். போன வருடம் வந்துவிட்டதே என்று மழை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 30 ஆண்டு பாண்ட் (வீட்டுக்கடன்) கட்டி முடிப்பதற்குள் அதை ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். 40 ஆண்டு மழைக்கு அதே 30 ஆண்டில் 53 சதவீதம், 20 ஆண்டு மழைக்கு 79 சதவீதம். முந்தைய பதிலில் சொன்ன இரட்டிப்பு ஒரு வீட்டுக்காரரின் வாழ்நாளில் இப்படித்தான் இறங்குகிறது.

இன்னொன்று. டர்பனில் ஓடுவது ஓர் ஆறல்ல. உம்கேனி, உம்பிலோ, உம்லதுசானா, உம்லாஸி, ஓஹ்லாங்கா, டோங்காட் என்று பல ஆறுகள், அவற்றுக்குக் கிளை ஓடைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூறாண்டு வெள்ளம் உண்டு. அதனால் மாநகரின் ஏதோ ஒரு மூலையில் நூறாண்டு வெள்ளம் என்ற செய்தி நூறு ஆண்டுக்குப் பலமுறை வரும். அதில் தவறில்லை.

மழை கூடிச்சா, இல்ல நாம கான்கிரீட் போட்டதா? எது பெரிய காரணம்?

எந்த மழை என்பதைப் பொறுத்தது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புல்வெளியாக இருந்தால் சுமார் கால்பங்கு ஓடிவரும், நொடிக்கு 35 லிட்டர். கூரையும் தாருமாக மாறிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும், நொடிக்கு 125 லிட்டர். மூன்றரை மடங்கு. இதற்கு முன் மழையின் 8 சதவீதம் ஒன்றுமே இல்லை. கான்கிரீட்டில் தண்ணீர் வேகமாகவும் சேருவதால், வடிகாலை நிரப்ப 15 நிமிட மழையே போதுமாகிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை தெருவில் தண்ணீர் நிற்பதற்குப் பெரும்பாலும் நாம் கட்டியதுதான் காரணம்.

300 மி.மீ. மழையில் நிலைமை தலைகீழ். முதல் 100 மி.மீட்டரில் மண் ஊறி நிறைந்துவிடும். அதன்பின் புல்வெளியும் கிட்டத்தட்ட கான்கிரீட் மாதிரித்தான் தண்ணீரை விடும். அங்கே கான்கிரீட்டின் பங்கு குறைந்து, வானத்திலிருந்து வந்த அளவே ஆறு எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது.

நகரமே மழையை இழுக்கும்னு கேள்விப்பட்டோமே?

ஓரளவு உண்மை. நகரத்தின் வெப்பம் காற்றை மேலெழச் செய்யும், உயரக் கட்டடங்கள் காற்றோட்டத்தை முறிக்கும், புகையும் தூசியும் மேகத்துளிகளின் அளவை மாற்றும். கோடை மாலையில் திடீரென்று எழும் இடிமழையில் இதன் விளைவு தெரியும், பெரும்பாலும் நகரத்திலும் அதற்குக் காற்று போகும் பக்கத்திலும். லெனேசியா, ஜொஹானஸ்பர்க் பக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம். இத்தகைய குறுகிய இடிமழைகளில், சில இடங்களில், டிகிரிக்கு 7 சதவீதத்தையும் தாண்டிய ஏற்றம் அளக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த கட்-ஆஃப் லோவுக்கு டர்பன் நகரம் ஒரு பொருட்டல்ல.

நான் 20 வருஷமா வீட்டுல மழைமானி வெச்சிருக்கேன். ஏற்றமே காணோம். அப்ப நீங்க சொல்றது தப்பா?

உங்கள் குறிப்பு மதிப்புள்ளது, எறிந்துவிடாதீர்கள். ஆனால் ஒரு மானியில் ஆண்டின் மிகப்பெரிய ஒருநாள் மழை 60 மி.மீ., அடுத்த ஆண்டு 150, பிறகு 45 என்று துள்ளும். அந்தத் துள்ளலுக்குள் டிகிரிக்கு 7 சதவீத ஏற்றம் 20 ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது. லா நீன்யா ஆண்டுகள் (பசிபிக் கடல் குளிர்ந்து, இங்கே பெரும்பாலும் மழை கூடும் ஆண்டுகள்) இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் போலி ஏற்றமும் தெரியும். அதனால்தான் ஆய்வாளர்கள் 60, 100 ஆண்டுப் பதிவுகளையும், ஒரே பகுதியின் பல மானிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் குறிப்பை வைத்துச் செய்யக்கூடியது உண்டு. ஆண்டுக்கு ஒரு மிகப்பெரிய ஒருநாள் அளவை மட்டும் எடுங்கள். ஆண்டை ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியுங்கள். ஜனவரியில் வெட்டினால் நம் மழைக்காலத்தையே இரண்டாக்குகிறீர்கள், அக்டோபரில் வெட்டினால் 1987 செப்டம்பர் கடைசி வாரம் பெய்தது போன்ற ஒரே மழை இரண்டு ஆண்டிலும் ஏறிவிடக்கூடும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஆண்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரிசை எண்ணால் வகுங்கள். 20 ஆண்டில் முதலிடத்துக்கு 21, இரண்டாமிடத்துக்கு பத்தரை. அதுதான் அந்த மழையின் தோராயத் திரும்பும் காலம். முதலிடத்துக்கு வரும் 21ஐ மட்டும் நம்பாதீர்கள். அது உண்மையில் எண்பது ஆண்டு மழையாகவும் இருக்கலாம்.

மானியையும் பாருங்கள். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் மானிகளில் பல 100 அல்லது 150 மி.மீட்டரில் வழிந்துவிடும். எந்த நாளின் அளவு நமக்கு மிக முக்கியமோ அந்த நாளின் அளவே தொலையும். பெருமழை நாளில் பாதி நிறைந்ததும் அளந்து எழுதிக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள்.

விமான நிலையப் பதிவு நீளமா இருக்கே. அதை அப்படியே கிராஃப் போட்டா போதாதா?

போதாது, இரண்டு காரணம். டர்பனின் விமான நிலையம் 2010 மே மாதம் தெற்கேயிருந்து வடக்கே லா மெர்ஸியில் உள்ள கிங் ஷாகாவுக்கு மாறியது. இரண்டு இடத்து எண்களையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்தால், இடம் மாறியதால் வந்த வித்தியாசம் காலநிலை மாற்றம்போலத் தெரியும். மானி இருந்த இடம், மாற்றிய தேதி, பக்கத்தில் எழுந்த கட்டடம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அருகிலுள்ள மானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே வரைய வேண்டும்.

இரண்டாவது, நாள் கணக்கு. இங்கே தினசரி மழை காலை 8 மணிக்கு 8 மணி எடுக்கப்படுகிறது. இரவில் தொடங்கி மறுநாள் மதியம் வரை பெய்த மழை இரண்டு நாளாகப் பிளந்து பதிவாகும். இப்படிப் பிளந்த பதிவுகளின் ஒருநாள் உச்சம் உண்மையான 24 மணி நேர உச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதைச் சரிக்கட்டச் சராசரியாக 1.13 ஆல் பெருக்குவது பழைய வழக்கம். தானியங்கி மானி வந்தபின் எந்த 24 மணி நேரத்தையும் எடுக்க முடிகிறது. பழையதைத் திருத்தாமல் புதியதோடு ஒப்பிட்டால் 13 சதவீத ஏற்றம் சும்மாவே முளைத்துவிடும்.

மழை 20 சதவீதம் கூடும்னா பைப்பை 20 சதவீதம் பெருசாக்கிட்டாப் போச்சு. ஏன் செய்யல?

குழாயின் அளவு அவ்வளவு கூட வேண்டியதில்லை. வட்டக் குழாயின் கொள்ளளவு விட்டத்தைவிட வேகமாக ஏறும். 20 சதவீதம் கூடுதல் தண்ணீருக்கு விட்டம் 7 சதவீதம் கூடினால் போதும். 600 மி.மீ. இருந்த இடத்தில் அடுத்த அளவான 675 மி.மீ. போட்டாலே மிச்சம் இருக்கும். புதிய தெரு அமைக்கும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. ஏற்கெனவே வீடுகள் நெருங்கிய தெருவைத் தோண்டி மாற்றுவதுதான் பெருஞ்செலவு. அதனால் இன்று போடும் ஒவ்வொரு குழாயையும் வரப்போகும் மழைக்குப் போடச் சொல்லி நகராட்சியை வற்புறுத்துவது நம் கடமை.

அதைவிட முக்கியம், தெருக் குழாய்கள் இரண்டாண்டு, ஐந்தாண்டு மழைக்கே திட்டமிடப்படுகின்றன. அதற்குமேல் வருவது சாலைமேல் ஓடி, திறந்த வழியாக ஓடையைச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த வழியில்தான் நாம் கராஜ் கட்டுகிறோம், கெட்டிச் சுவர் எழுப்புகிறோம். குழாய் வாயில் பிளாஸ்டிக்கும் மரக்கிளையும் அடைத்தால் 675 ஆனாலும் 900 ஆனாலும் ஒன்றுதான்.

வீடு வாங்கப் போறோம். ஆறு பக்கத்துல இல்ல, மேட்டுலதான் இருக்கு. அப்ப பயமில்லதானே?

2022இல் ஆறே இல்லாத இடங்களில் மண்சரிந்து வீடு விழுந்து பலர் இறந்தார்கள். முதலில் நகராட்சியிடம் நூறாண்டு வெள்ளக்கோட்டை, அதாவது அந்த வெள்ளம் எட்டும் எல்லையை, கேளுங்கள். 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் 144ஆம் பிரிவு புதிய குடியிருப்புகளின் வரைபடத்தில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்கிறது. சாட்ஸ்வொர்த் போன்றவை அதற்கு வெகு முன்பே, 1960களில் அமைந்தவை. கோடு எந்த ஆண்டுக் கணக்கில் வரைந்தது என்றும் கேளுங்கள். பழைய மழைக் கணக்கில் வரைந்திருந்தால், கோட்டுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும் வீட்டையும் கோட்டுக்குள் இருப்பதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. மனையின் குறுக்கே மழைநீர் சர்விட்யூட் (தண்ணீர் போக ஒதுக்கிய, கட்டடம் எழுப்பக் கூடாத பட்டை) ஓடுகிறதா, அதன்மேல் யாராவது கட்டியிருக்கிறார்களா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள்.

பிறகு வீட்டின் பின்னால் உள்ள பேங்கை, அதாவது மண்சரிவான மேட்டை, பாருங்கள். பெரியா செம்மணல் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், ஊறினால் பிடிப்பை விட்டுவிடும். மேட்டின் உச்சியில் வளைந்த வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், வயிறு தள்ளிய தாங்குசுவர், புதிதாக இறுகிய கதவு இவற்றில் எது இருந்தாலும் புவித்தொழில்நுட்பப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தாங்குசுவரில் ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு ஒரு வடிதுளை இருக்க வேண்டும், சுவருக்குப் பின்னால் கல்சல்லி நிரப்பியிருக்க வேண்டும். பெருமழையிலும் துளைகள் வறண்டிருந்தால் அடைத்துக்கொண்டன என்று பொருள், தண்ணீரின் முழு அழுத்தமும் சுவர்மேல் நிற்கிறது. லாஃபெல்ஸ்டீன் (மண் நிரப்பி அடுக்கும் கான்கிரீட் தொட்டிக்கல்) கல் அடுக்கிய சுவரானால் உயரம் எவ்வளவு, பொறியாளர் வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாகக் கூரைத் தண்ணீர். இரண்டாம் பதிலில் சொன்ன 25,000 லிட்டரும் டேங்கின் வழிகுழாய் வழியே எங்கே விழுகிறதோ அங்கே மண் கரையும். அந்தக் குழாயைப் பேங்கின் உச்சியிலோ பக்கத்து வீட்டுச் சுவரின் தலைமேலோ விடாதீர்கள். மூடிய குழாயில் சரிவின் அடிவரை இறக்கி, கல் பரப்பிய இடத்திலோ நகராட்சி மழைநீர் வடிகாலிலோ விடுங்கள். கழிவுநீர்க் குழாயில் மட்டும் இணைக்கக் கூடாது. பெருமழையில் மேன்ஹோல் பொங்கி, கீழ்த்தெரு வீடுகளுக்குள் கழிவு ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.